ஒளிப்பெட்டியின் கதை – 14: தோற்றுப்போன தேசத்தின் கேமரா

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டோக்கியோவில் செய்த நிகான் கேமரா ஒன்று கையில் கிடைத்தால், முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடித்தகட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள்: ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரிக்கப்பட்டது’. போரில் தோற்ற நாட்டை ஆண்டுகொண்டிருந்த நேச நாட்டுப் படைத் தலைமையகம் ஏற்றுமதிப் பொருட்களுக்கு விதித்த அடையாளம் அது. பீங்கான் பொம்மை, தேநீர்க் கோப்பை, தகர விளையாட்டுச் சாமான் என்று அந்நாளில் கடல் கடந்து போனவற்றில் இருந்த அதே வாசகம், உலகின் மிகத் துல்லியமான கேமராக்களில் ஒன்றின் அடியிலும் இருந்தது.

சென்ற வாரம் ஜெர்மனியில் இருந்தோம். 1925-இல் வெட்ஸ்லாரிலிருந்து லைக்கா வந்ததையும், 1932-இல் ட்ரெஸ்டனிலிருந்து ஸைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸ் அதற்குப் போட்டியாக வந்ததையும் பார்த்தோம். சட்டைப்பையை ஒட்டிய அளவில் ஒரு கேமரா, அதில் 35 மி.மீ. சினிமா ஃபிலிம், கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் உலகம் அதற்குப் பின் இந்த இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிட்டது. அந்த உலகத்துக்குள் ஜப்பான் எப்படி நுழைந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

பலரும் இதைக் கொரியப் போரில் தொடங்குவார்கள். பெயர் கிடைத்தது அங்கேதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கும் தகுதி அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கண்ணாடி உலைகளில் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தொடங்கினால்தான் இந்தக் கதை விளங்கும்.

கண்ணாடி வராத ஆண்டுகள்

முதல் உலகப் போர் வந்ததும் ஜப்பானியக் கடற்படைக்குக் கவலை பிடித்தது. தொலைநோக்கி, பெரிஸ்கோப், பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவைத்தான், முக்கியமாக ஜெர்மனியைத்தான், நம்பியிருந்தார்கள். அந்தப் போரில் ஜப்பான் ஜெர்மனிக்கு எதிரணி. சரக்கு வரத்து நின்றுபோனது. உள்நாட்டிலேயே செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், மிட்சுபிஷி குழுமத்தின் முதலீட்டோடு, சிறுசிறு ஒளியியல் பட்டறைகளை ஒன்றாக்கி 1917 ஜூலை 25 அன்று ஒரு நிறுவனம் பிறந்தது. அதன் பெயர் நிப்பான் கொகாகு. இன்று நாம் நிகான் என்று அழைக்கும் நிறுவனம் இதுதான்.

லென்ஸுக்கான கண்ணாடி செய்வது சாதாரண வேலை அல்ல. உருகிய குழம்பில் ஒரு குமிழி தங்கினாலும், கலவை சரியாகக் கலக்காமல் மெல்லிய கோடாக ஓடினாலும் அந்தக் கட்டி வீண். உலையிலிருந்து எடுத்ததைச் சீக்கிரம் ஆறவிட்டால் உள்ளுக்குள் இறுக்கம் தங்கி, ஒளியைக் கோணலாக வளைக்கும். ஒவ்வொரு உருக்கலிலும் கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப லென்ஸின் வளைவைத் திருத்த வேண்டும். இந்த வித்தையைக் கற்க நிப்பான் கொகாகு வெட்கப்படவில்லை. 1921-இல் ஜெர்மனியிலிருந்து எட்டு நிபுணர்களை வரவழைத்தது. அவர்களில் ஹைன்ரிஷ் ஆஹ்ட் என்பவர் 1928 வரை டோக்கியோவில் தங்கி லென்ஸ் வடிவமைப்பைக் கற்றுக்கொடுத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு, அவரிடம் படித்த ஜப்பானியப் பொறியாளர்கள் தாங்களே கணக்குப் போட்டு லென்ஸ் வடிவமைத்தார்கள். நிக்கோர் என்ற பெயரில் 1930களில் வெளிவந்த லென்ஸ்கள் இந்த வழியில் வந்தவை.

அவற்றை முதலில் தாங்கிய 35 மி.மீ. கேமரா நிகான் அல்ல, கேனன்! கொரோ யோஷிதா என்பவர் லைக்கா ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதை நம்மாலும் செய்ய முடியும் என்று தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளைய கேனன். 1936-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹன்ஸா கேனன் கேமராவுக்கு லென்ஸ், லென்ஸ் பொருந்தும் வளையம், தொலைவு பார்க்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் செய்துகொடுத்தது நிப்பான் கொகாகு. பின்னாளில் உலகச் சந்தையில் மோதிக்கொண்ட இரு பெரும் எதிரிகள் ஒரே கேமராவுக்குள் சேர்ந்திருந்த காலமும் உண்டு.

கப்பலிலிருந்து கைக்கு

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்ற சொல் இந்தத் தொடரில் பலமுறை வந்துவிட்டது. அதன் உள்வேலையைப் பார்க்கச் சரியான இடம் இதுதான்.

விரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பாருங்கள். பின்னணிச் சுவரின் மேல் விரல் இடம் மாறும். விரல் அருகில் இருந்தால் அதிகம் நகரும். தள்ளிப் போனால் குறைவாக நகரும். இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் தெரிந்து, அந்த நகர்வையும் அளந்துவிட்டால், விரல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கணக்கு.

கேமராவின் முன்பக்கத்தில் உள்ள இரண்டு சிறு ஜன்னல்கள்தான் அந்த இரண்டு கண்கள். ஒன்றின் வழியாக நேரான காட்சி வருகிறது. மற்றொன்றில் நுழையும் காட்சி உள்ளே திரும்பி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியில் பட்டு, முதல் காட்சியின் நடுவில் மங்கலாகப் படிகிறது. ஃபோகஸ் சரியில்லை என்றால் எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டாவது மூக்கு நகர்ந்து வந்து முதலாவதன் மேல் பொருந்தும். பொருந்திய நொடியில் ஃபோகஸ் சரி, பொத்தானை அழுத்தலாம்.

இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே தூரம் கூடக்கூட அளவு துல்லியமாகும். நிகான் கேமராவில் அந்த இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டர். இதே நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன் யமாட்டோ என்ற மாபெரும் போர்க்கப்பலுக்குச் செய்துகொடுத்த தொலைவுமானியில் அது 15 மீட்டர்! சுமார் 40 கிலோமீட்டர் பாயும் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்கின் தொலைவைச் சொல்ல வேண்டிய கருவி அது. அங்கே கண்ணாடி ஒரு மயிரிழை விலகினால் குண்டு கடலில் விழும்.

கேமராவுக்குள் வந்து சேர்ந்த கைத்திறனும் கண்டிப்பான சோதனை முறையும் இப்படிப்பட்ட போர்க்கருவிகளில் பழகியவை. இதைச் சொல்லாமல் இந்தக் கேமராவைப் புகழ்வது நேர்மையாகாது. ஆசியாவின் பல நாடுகளில் பேரழிவை உண்டாக்கிய ஒரு படையின் கண்களைச் செய்த தொழிற்சாலை அது. போர் உச்சத்தில் இருந்தபோது அங்கே இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ராணுவ உத்தரவுகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. ஆலைகள் மூடப்பட்டன, பெரும்பாலான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். டோக்கியோவின் ஓயி பகுதியில் இருந்த ஆலையில் எஞ்சிய சிறு கூட்டம், இனி எதைச் செய்து பிழைப்பது என்று யோசித்தது. மைக்ரோஸ்கோப், நில அளவைக் கருவி, பைனாகுலர் என்ற பட்டியலில் கேமராவும் இருந்தது.

நான்கு மில்லிமீட்டர் தகராறு

வடிவமைப்பு 1946 செப்டம்பரில் உறுதியானது. லைக்காவையும் கான்டாக்ஸையும் மேசையில் வைத்துப் பொறியாளர்கள் ஒவ்வொரு உறுப்பாக எடைபோட்டார்கள். கான்டாக்ஸின் உடலமைப்பு அவர்களுக்குப் பிடித்திருந்தது. லென்ஸைத் திருகி ஏற்றாமல் செருகித் திருப்பிப் பூட்டும் வளையம், பின்மூடி முழுவதும் கழன்று வருவதால் சுலபமாக ஃபிலிம் போடும் வசதி, ஷட்டர் பொத்தானுக்கு முன்னால் விரல் நுனியால் உருட்டி ஃபோகஸ் செய்யும் பல்சக்கரம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆனால் கான்டாக்ஸின் ஷட்டர், பித்தளைப் பட்டைகளைக் கோத்துச் செங்குத்தாக ஓடும் சிக்கலான இயந்திரம். பழுதானால் சரிசெய்வது பெரும்பாடு. லைக்காவின் ஷட்டரோ பக்கவாட்டில் ஓடும் ரப்பர் பூசிய துணித்திரை, எளிமையானது, உழைக்கக்கூடியது. நிகான் அதை எடுத்துக்கொண்டது. கான்டாக்ஸ் உடலுக்குள் லைக்காவின் இதயம் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

இதை நகல் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது என்பதே என் எண்ணம். இரண்டு எஜமானர்களின் வேலையைப் படித்து, எதில் எது தேறும் என்று பிரித்தெடுப்பதற்கு முதலில் அந்த இரண்டையும் சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் அன்று உலகில் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள்.

1948 மார்ச்சில் முதல் நிகான் வெளிவந்தது. வந்ததுமே முட்டுக்கட்டை. லைக்கா எடுக்கும் படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. நிகான் பொறியாளர்கள் அதை 24-க்கு 32 ஆகக் குறைத்திருந்தார்கள். காரணம் நியாயமானதுதான். ஃபிலிம் கிடைப்பதே அரிதான நாட்டில் ஒரு சுருளில் 36 படங்களுக்குப் பதில் 40 படங்கள் கிடைக்கும். பிரிண்ட் போடும் காகிதத்தின் வடிவத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஆனால் அமெரிக்காவில் கோடக் நிறுவனம் வண்ண ஸ்லைடுகளை இயந்திரத்தில் வெட்டி அட்டையில் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த இயந்திரம் 36 மி.மீ. கணக்கில் வெட்டும். நிகான் படத்தை அதில் விட்டால் கத்தி பக்கத்துப் படத்தின் மேல் விழும். அமெரிக்காவுக்கு இதை அனுப்ப முடியாது என்று படைத் தலைமையகம் மறுத்துவிட்டது.

அந்த நான்கு மில்லிமீட்டர், பசியில் இருந்த ஒரு நிறுவனத்தைக் கிட்டத்தட்டச் சாய்த்துவிட்டது. டாலர் சம்பாதிக்கத்தான் கேமராவே செய்தார்கள்; டாலர் இருக்கும் நாட்டின் கதவோ மூடிவிட்டது. முதல் மாடல் ஆயிரம்கூடச் செய்யப்படவில்லை. 1949-இல் வந்த நிகான் எம் கேமராவில் அகலத்தை 34 மி.மீ. ஆக்கினார்கள்; ஃபிலிம் நகரும் தூரமும் அமெரிக்க இயந்திரத்துக்கு ஒத்துவந்தது. இதோடு ஃபிளாஷ் இணைப்பையும் சேர்த்தபோது அது நிகான் எஸ் ஆனது. 1951 தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இந்தத் தொடரில் நாம் நின்று பார்க்க வேண்டிய கேமரா அதுதான். முப்பதாயிரத்துக்கும் மேல் விற்று, நிறுவனத்தைக் காலூன்ற வைத்த முதல் மாடல் அது.

அதே ஆண்டுகளில் எதிரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஜெர்மனியும் தோற்ற நாடுதான். ஸைஸின் தலைமையிடமான ஜேனாவிலிருந்து முக்கிய நிபுணர்களை அமெரிக்கப் படை 1945-இல் மேற்கே அழைத்துப் போனது. அதன் பின் அந்த ஊர் சோவியத் கைக்குப் போனது. கான்டாக்ஸ் செய்யும் இயந்திரங்கள் போர் இழப்பீடாக உக்ரைனின் கீவ் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. மேற்கு ஜெர்மனியில் ஸைஸ் ஐகான் மீண்டும் புதிய கான்டாக்ஸை வெளியிட 1950 ஆகிவிட்டது. லைக்கா மட்டுமே ஓரளவு தொடர்ந்து ஓடியது. சந்தையில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் நுழையும் தரம் டோக்கியோவில் தயாராக இருந்தும், அதை நம்ப வெளியுலகில் ஆள் இல்லை.

ஒரு பிரிண்டும் ஒரு பூதக்கண்ணாடியும்

டேவிட் டக்ளஸ் டங்கன் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர். மரைன் படையில் இருந்தவர். போரை அருகில் கண்டவர். 1950-இல் ஜப்பானியக் கலைகள் பற்றிய வேலைக்காக டோக்கியோவில் இருந்தார். லைஃப் இதழுக்கு அங்கே படம் எடுத்துக்கொடுத்த இளைஞர் ஜுன் மிக்கி. அந்த ஜூனில் ஒரு நாள் மிக்கி தம் லைக்காவில் 85 மி.மீ. நிக்கோர் லென்ஸைப் பொருத்தி, இருந்த வெளிச்சத்திலேயே டங்கனைப் படம் எடுத்தார். ஜெர்மன் லென்ஸின் ஜப்பானியப் பிரதி என்ற அளவுக்கு மேல் டங்கன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மிக்கி பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய அளவுப் பிரிண்ட். லென்ஸின் வாய் முழுவதும் திறந்த நிலையில் எடுத்த படங்களில் பெரும்பாலும் கண்ணும் புருவமும் கொஞ்சம் குழைந்துதான் இருக்கும். இதில் அப்படி இல்லை. டங்கன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இந்த லென்ஸை யார் செய்கிறார்கள் என்று கேட்டார்.

டங்கனும் அவருடைய சக புகைப்படக்காரர் ஹோரஸ் பிரிஸ்டலும் ஓயி ஆலைக்குப் போனார்கள். நிறுவனத் தலைவர் மசாவோ நாகாவோகா அவர்களுக்கு விளக்கவுரை எதுவும் நடத்தவில்லை. சோதனை அறையைத் திறந்துவிட்டார். உங்கள் ஜெர்மன் லென்ஸ்களையும் எங்கள் லென்ஸ்களையும் ஒரே கருவியில் பொருத்தி, சுவரில் விழும் உருவத்தை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். கோடுகள் எங்கே கூர்மையாக நிற்கின்றன, எங்கே கலங்குகின்றன என்பது மொழி தெரியாதவருக்கும் தெரியும். தாங்கள் அதுவரை பயன்படுத்தியவற்றை நிக்கோர் மிஞ்சுவதை இருவரும் கண்ணால் கண்டார்கள். தங்கள் லைக்கா கேமராக்களுக்கு நிக்கோர் லென்ஸ்களை வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நிறுவனத் தலைவருக்கு அந்த நாளில் அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? தன் ஆலையில் ஒவ்வொரு லென்ஸும் எந்தச் சோதனையைத் தாண்டி வெளியே போகிறது என்பது தெரிந்தவருக்குத்தான் அது வரும். 1921-இல் தொடங்கிய படிப்பின் பலன் அந்தச் சுவரில் விழுந்தது.

போர்முனைத் தேர்வு

1950 ஜூன் 25 அன்று கொரியாவில் போர் வெடித்தது. டங்கன் புதிய லென்ஸ்களோடு களத்துக்குப் போனார். அந்த ஆண்டின் கோடையில் நக்டோங் ஆற்றங்கரையிலும், பனிக்காலத்தில் சாங்ஜின் ஏரியிலிருந்து மரைன் படையினர் பின்வாங்கியபோதும் அவர் எடுத்த படங்கள் போர்ப் புகைப்படக்கலையின் அளவுகோல்களாக நிற்கின்றன. அவற்றில் தளபதிகளின் வீறாப்பு கிடையாது. குண்டு தீர்ந்துபோன செய்தியைக் கேட்டு நிற்கும் அதிகாரியின் முகம், உறைந்த தகர டப்பாவைக் கிளறும் சிப்பாயின் விரல்கள், தூங்காத கண்கள் இருக்கின்றன. 1951-இல் அவை புத்தகமாக வந்தன. வெறும் வெளிச்சத்தில், ஓடியும் பதுங்கியும் எடுக்கும் இப்படிப்பட்ட படங்களுக்கு, முழுத் திறப்பிலும் கூர்மை குலையாத லென்ஸ் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டங்கனைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். லைஃப் இதழின் மூத்தவரான கார்ல் மைடன்ஸ் நிக்கோர் லென்ஸ்களை எடுத்துக்கொண்டார். ஹாங்க் வாக்கர் ஒரு படி மேலே போய் நிகான் கேமராவையே களத்துக்குக் கொண்டுபோனார். கேமராவின் உள்ளே இருக்கும் மசகு எண்ணெய் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு ஷட்டரைத் தடுமாற வைக்கும், துணித்திரை விறைக்கும், ஃபிலிம் உடையும். சுழியத்துக்குக் கீழ் 30 டிகிரி வரை போன கொரியக் குளிர் எந்தத் தொழிற்சாலைச் சோதனையைவிடவும் கொடிய தேர்வு.

1950 டிசம்பர் 10 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஜேக்கப் டெஷின் இந்த ஜப்பானிய லென்ஸ்களையும் கேமராவையும் பற்றி எழுதினார். நிபுணர்கள் ஜெர்மன் லென்ஸ்களோடு ஒப்பிட்டு இவற்றை மேல் என்று மதிப்பதாகச் செய்தி போனது. நிறுவனம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் அல்ல அது. பத்திரிகைக்காரர்கள் தங்கள் காசில் வாங்கி, உயிரைப் பணயம் வைத்த இடத்தில் பயன்படுத்திவிட்டுச் சொன்ன சொல். அதனால்தான் அது எடுபட்டது. மலிவுப் பொம்மை என்று ஜப்பானியச் சரக்கை ஒதுக்கிய அமெரிக்கக் கடைக்காரர்கள், அந்த வாரத்திலிருந்து நிகானைத் தேடத் தொடங்கினார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டெஷின் எழுதிய கட்டுரை பத்தாயிரம் கேமராக்களை விற்றுக்கொடுத்திருக்கலாம். வாங்கியவரின் கையில் ஒரு மாதத்தில் பழுதாகியிருந்தால் அந்தப் பெயர் ஒரு மாதத்தில் போயிருக்கும். போகவில்லை. தரம் முன்னே வந்தது, புகழ் பின்னே வந்தது. ஜப்பானின் மற்ற கேமராக்காரர்கள் இந்தப் பாடத்தை விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். 1954-இல் ஏற்றுமதிக் கேமராக்களைச் சோதிக்கத் தனி அமைப்பே உருவானது. தேறியவற்றின் மேல் ஒட்டிய நீள்வட்டத் தங்கநிற வில்லையைப் பழைய யாஷிகா, மினோல்டா கேமராக்களில் இன்றும் பார்க்கலாம். கேமராவில் தொடங்கிய நம்பிக்கை ரேடியோ, கடிகாரம், கார் என்று பின்னால் வந்தவற்றுக்கும் வழிவிட்டது.

அதே 1954 டிசம்பரில் நிகான் எஸ்2 வந்தது. படத்தின் அளவு கடைசியில் முழு 36 மி.மீ. ஆனது. குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்துவதற்குப் பதில் கட்டை விரலால் தள்ளும் நெம்புகோல் வந்தது. ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போனது. வியூஃபைண்டர் பெரிதாகி, உலகம் அதில் அதே அளவில் தெரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் விற்கத் தவித்த நிறுவனத்துக்கு இது பெரும் வெற்றி.

ஆனால் அந்த வெற்றியை அவர்களால் நிம்மதியாகக் கொண்டாட முடியவில்லை. எஸ்2 வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஏப்ரலில், ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் லைக்கா தன் புதிய எம்3 மாடலைக் காட்டியிருந்தது. 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கான சட்டங்கள், லென்ஸை மாற்றியதும் வியூஃபைண்டருக்குள் தாமே மாறித் தோன்றின. ஃபோகஸ் செய்யச் செய்யச் சட்டமும் நகர்ந்து பிழையைத் திருத்தியது. ஜப்பானியப் பொறியாளர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ரேஞ்ச்ஃபைண்டரில் இதைத் தாண்டிப் போவது எளிதல்ல என்று உணர்ந்தார்கள்.

அவர்கள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. லைக்காவை அதன் களத்திலேயே எதிர்ப்பது ஒன்று. ரேஞ்ச்ஃபைண்டரையே விட்டுவிட்டு, லென்ஸ் பார்ப்பதைக் கண்ணாடி வழியாக அப்படியே காட்டும் வேறு வகைக் கேமராவுக்குத் தாவுவது மற்றொன்று. நிப்பான் கொகாகு இரண்டையும் செய்தது. முதல் வழியில் 1957-இல் நிகான் எஸ்பி பிறந்தது. அதன் உடலின் நடுவே இடம் பிரித்து ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செருகியபோது, 1959-இல், லைக்கா உட்பட எல்லா ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களையும் பத்திரிகையாளர்களின் தோளிலிருந்து இறக்கிவைத்த நிகான் எஃப் பிறந்தது. தன் சிறந்த படைப்பைத் தானே பழையதாக்கத் துணிந்த அந்த இரண்டு ஆண்டுகளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)